மெருகும் தேய்வும்

துலக்குதல் என்னும் சொல்லும் மெருகிடுதல் என்னும் சொல்லும் பேச்சு வழக்கில் ஒன்றற்கு மாற்றாக ஒன்று வழங்கப்படினும், அவை ஒரு பொருளன அல்ல. துலக்குதலாவது, ஒரு பொருளின்மேல் வெளியிலிருந்து வந்து படிந்த மாசினை நீக்கி அதன் இயல்பான நிறத்தைப் புலப்படுத்துதல். மெருகிடுதலாவது, அப்பொருளின் மேற்பரப்பையே நுண்ணிதாகத் தேய்த்துச் சமன்செய்து, அதன்மேல் விழும் ஒளி சிதறாது ஒரு நெறிப்பட்டு மீளுமாறு செய்தல். முன்னதிற் போவது அயற்பொருள். பின்னதிற் போவது அப்பொருளே. பூசைப் பாத்திரங்களைத் திருநீறும் நீருமிட்டுக் கழுவும் அம்மையார் செய்வது முன்னது. பொற்கொல்லர் தம் பட்டறையில் செய்வது பின்னது. ஆதலினன்றோ அவர் பட்டறைத் தூசியையும் கூட்டி அள்ளி விலைக்குக் கொள்வார் இருக்கின்றனர்! இவ்வேறுபாடு நூல்களில் மட்டும் நிற்பதன்று. சங்கரன்கோயிலில் ஒரு மார்கழித் திங்களில், வாடகை மோட்டார் வண்டியொன்றின்மேல் நிகழ்ந்த வேலை இதனை மிக நன்றாக விளக்கும்.

சங்கரன்கோயிலைச் சைவ அன்பர்களுக்கு அறிமுகஞ் செய்தல் மிகை. சங்கரலிங்கப் பெருமான், சங்கரநாராயணர், கோமதியம்மை என மூன்று சந்நிதிகள் விளங்கும் தலம் அது. ஆடித்தபசு அங்கு நிகழும் பெருவிழா. புற்றுமண் அங்குப் பெறும் பிரசாதம். 2019-ஆம் ஆண்டு தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் நீங்கி அதனுட் சேர்ந்தது. விசைத்தறி ஓசையும் பூச்சந்தை மணமும் உடைய ஊர். ஈண்டுக் கருதத்தக்கது அவ்வூரைச் சூழ்ந்த மண். ஒருபுறம் கரிசல், ஒருபுறம் செம்மண். கோடையில் இரண்டும் காற்றில் எழுந்து, நின்ற வண்டிகளின்மேல் நுண்பொடியாகப் படியும். அப்பொடியுள் மணற்றுகள் உண்டு. மணற்றுகளோ வண்டியின் வண்ணப்பூச்சினும் பன்மடங்கு கடியது.

வாடகை வண்டி ஓட்டுவோர் விடியலில் முதற்கண் செய்வது யாது? தோளிற் கிடக்கும் துணியை எடுத்து, வண்டியின் உச்சி முதல் டிக்கி வரையிலும் உலர்ந்தபடியே துடைத்தல். மஞ்சள் துணி, பனியன் வேஸ்ட், பழைய வேட்டிக் கிழிசல், எது கிடைப்பினும் ஆம். சவாரிக்கு வருவோர் தூசி படிந்த வண்டியில் ஏற விரும்பார். ஆகவே துடைத்தல் தொழிலின் ஒழுக்கமாயிற்று. பலர்க்கு அது பூசையை ஒத்த நியமமும் ஆயிற்று.

அவ்வூரில் முப்பது ஆண்டுகளாக வண்டியோட்டும் அன்பர் ஒருவர் இந்நியமத்தில் ஒரு நாளும் வழுவாதவர். முதலில் அம்பாஸடர் வண்டி ஓட்டினார். இறுதியாக வாங்கியது கருநீல நிறத்ததாகிய கார், வயது பதினொன்று. பிறர் கையிலிருந்து வாங்கியதாயினும் எந்திரம் பழுதற்றது. ஆயினும் அதன் நீலம் வரவர வெளிறிப் பால் கலந்தாற்போல் மங்கிற்று. வெயிலில் நிறுத்தினால் கதிரவன் பிம்பத்தைச் சுற்றி ஒரு சிலந்திவலை தோன்றும். திருமணச் சவாரிகள் குறைந்தன. மணமக்களை ஏற்றுதற்குப் பளபளக்கும் வண்டியையே யாவரும் கேட்பர். அவ்வருவாயை நம்பியே அவர் மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது. முழுவண்டிக்கும் புதிதாக வண்ணம் அடிக்கப் பெயின்ட்டர் கேட்ட தொகையோ, அவர் இரண்டு மாதத்தில் ஈட்டுவதினும் மிகுதி.

அவர் தங்கை மகன் பாலிடெக்னிக்கிற் பயின்று ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவன். அவன் வண்டியைக் கண்டு, பெயின்ட் வேண்டா, மெஷின் பாலிஷ் போதும் என்றான். கையால் ரப்பிங் பாலிஷ் இடுதல் அவருக்குப் பழக்கமே. மின்னால் இயங்கும் எந்திரத்தைக் கொண்டு தேய்த்தல் என்றதும் அஞ்சினார். அவ்வச்சம் பொய்யன்று என்பது வண்டியின் மேனி எத்தகையது என்று அறிந்தார்க்குப் புலனாகும்.

இக்காலத்து வண்டியின் தகட்டின்மேல் முதற்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, அதன்மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற காப்புப்பூச்சு என அடுக்கடுக்காக அமைந்திருக்கும். எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான் கனமே உடையன. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. அவற்றுள் மெருகுக்கு உரிய காப்புப்பூச்சு ஏறத்தாழ நாற்பது ஐம்பது மைக்ரான். தலைமயிர் ஒன்றின் தடிப்பினும் குறைவு என்க. வெயிலின் புறவூதாக் கதிர்கள் உள்ளிருக்கும் நிறத்தைக் கெடாவண்ணம் தடுப்பதும் அதுவே. எந்திரம் அளவு மீறித் தேய்த்து அதனைக் கடந்துவிட்டால், அவ்விடத்தில் மெருகு ஏறாது, மீட்பும் இல்லை.

எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கத்தில் குதிரை வண்டிகளுக்குப் போலவே வார்னிஷ் கலந்த வண்ணத்தைத் தூரிகையாற் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுத் தேய்த்தனர். ஒரு வண்டி முடியப் பல வாரங்கள் ஆயின. 1920-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் டூபான் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து டூகோ என்னும் விரைந்துலரும் பூச்சினைக் கொணர்ந்தன. 1924-ஆம் ஆண்டிற்குரிய ஓக்லண்ட் வண்டிகள் அதனைப் பூண்டு நீல நிறத்தில் வெளிவந்தன. தமிழ்நாட்டுத் தச்சர் மர அலமாரிக்குப் பூச்சடிப்பதையும் இன்றுவரை ‘டூக்கோ’ என்றே கூறுவது அப்பெயரின் எச்சம். நிறத்தின்மேல் நிறமற்ற காப்புப்பூச்சு இடும் முறை 1980-களுக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. பழைய வண்டிகளில் நிறமே மேற்பரப்பாதலின், மெருகிடும் துணியில் அந்நிறம் ஒட்டும். அன்பர் தம் அம்பாஸடரைத் தேய்த்த நாளில் துணி வெளுப்பாக வருவதைக் கண்டு அழுக்கன்று, வண்ணம் போகின்றது என்று அறிந்திருந்தார். காப்புப்பூச்சுள்ள வண்டியில் அத்தகைய எச்சரிக்கை இல்லை. போவது நிறமற்றதாகலின், போவது கண்ணுக்குத் தெரியாது. இதுவே அதன் இடர்.

சிலந்திவலையின் காரணத்தை மருகன் எடுத்துரைத்த முறை குறிக்கத்தக்கது. இருளில் கைவிளக்கை ஏற்றிப் பானெட்டின்மேற் காட்டினான். விளக்கின் பிம்பத்தைச் சூழ்ந்து வட்ட வட்டமாகக் கீறல்கள் தோன்றின. விளக்கை நகர்த்தினான், வட்டங்களும் உடன் நகர்ந்தன. உண்மையில் அங்கு வட்டமே இல்லை. பல திசையிலும் ஓடும் எண்ணிறந்த நுண்கீறல்களுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் அவ்வவ்விடத்தில் மின்னுதலின், அவை ஒளியைச் சூழ்ந்த வட்டமாகக் கண்ணுக்குப் படுகின்றன. இக்கீறல்கள் எங்கிருந்து வந்தன என்று அன்பர் வினாவினார். மருகன் சற்றுத் தயங்கி, “மாமா, தினமும் காலையில் நீங்கள் துடைத்த துணிதான்” என்றான்.

அன்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நாளும் தவறாது அன்பினாற் செய்த பணியே அவ்வண்டியைச் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டிருந்தது என்னும் செய்தி எளிதில் ஏற்கத்தக்கதன்று. அவர் செய்ததிற் குற்றம் கூறல் ஆகாது. துணியும் தீயதன்று, கையும் தீயதன்று; இடையில் அகப்பட்ட மணற்றுகளே வாளாயிற்று. நீரால் அத்துகளை முன்னர்ப் போக்காமல் துணியை இட்டதொன்றே குறை. அறியாமல் நிகழும் கேடு பெரும்பாலும் இவ்வாறு ஒழுங்குடையோர் கையிலேயே நாள்தோறும் நிகழ்கின்றது. சோம்பேறியின் வண்டியில் கீறல் குறைவு என்பது நகைப்புக்கு இடமாயினும் உண்மை.

மார்கழியில் திருமணம் இன்மையால் வண்டிக்கு ஓய்வு, வெயிலும் மெல்லியது. வேப்பமர நிழலில் வேலை தொடங்கிற்று. முதற்கண் நீர் பாய்ச்சித் தூசி போக்கினர். பின்னர் இரண்டு வாளி வைத்து, ஒன்றில் சோப்பு நீரும் ஒன்றில் தெளிநீருமாகக் கொண்டு, துணியை ஒவ்வொரு முறையும் தெளிநீரில் அலசியே சோப்பில் தோய்த்தனர். ஆழ்குழாய் நீரின் உப்பு வெள்ளைப் புள்ளிகளாகக் காயுமாதலின் உடனே ஒற்றி எடுத்தனர். அதன்பின் கிளே பார் என்னும் களிக்கட்டியை வழுக்கும் நீர் தெளித்துத் தடவினர். அன்பர் அதனைக் கையில் வாங்கி, கோயிற் புற்றுமண் போலும் என்றார். அது செயற்கைக் களி. கழுவியும் போகாது ஒட்டிய தார்த்துளி, இரும்புப்பொடி முதலியவற்றை அது பற்றி எடுக்கும். இவ்வளவும் துலக்குதலே. மெருகு இன்னும் தொடங்கவில்லை.

மெருகிடும் எந்திரம் இருவகைத்து. ஒன்று ஒரே அச்சில் நின்று சுழல்வது. வேகமும் வெப்பமும் மிக்கது. தேர்ந்தவர் கையில் ஒரு மணியில் செய்து முடிப்பதைத் தேராதவர் கையில் ஒரு நொடியில் கெடுத்தும் விடும். மற்றையது தன்னைத்தான் சுழல்வதோடு அச்சும் ஒரு சிறுவட்டத்தில் சுழலப் பெற்றது. ஆட்டுக்கல்லிற் குழவி தானும் உருண்டு குழியையும் சுற்றி வருதல்போல் என்று கொள்க. ஓரிடத்தையே தொடர்ந்து அறுக்காமையின் அது முதன்முறை செய்வார்க்கு ஏற்றது. மருகன் கொணர்ந்தது இவ்விரண்டாம் வகை.

பிளாஸ்டிக் ஓரங்களையும், கதவு விளிம்புகளையும், பானெட்டின் மடிப்பு முகடுகளையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்தனர். முகடுகளில் பூச்சு இயல்பாகவே மெல்லிது. எந்திரத்தின் அழுத்தமோ அங்கு மிகுதியாக விழும். பின்னர்ப் பானெட்டில் இரண்டு சாண் சதுரம் ஒன்றினை மட்டும் டேப்பினால் வரையறுத்தனர். வண்டி முழுவதற்கும் எது வேண்டும் என்பதை அச்சிறு சதுரத்திலேயே சோதித்தறிதல் முறை. அச்சோதனையும் மெல்லிய மருந்தில் தொடங்க வேண்டும். அது போதாதாயின் மட்டும் அதனினும் கடியதை நாடலாம். சித்த மருத்துவர் வன்மருந்தை முதலில் ஈயாமை போன்றது இது.

நுரைப்பஞ்சு வட்டில் நான்கு பொட்டாக மருந்திட்டு, எந்திரம் ஓடாதிருக்கும்போதே அதனைப் பரப்பின்மேல் வைத்து ஒற்றிப் பரப்பினர். வைத்த பின்னரே விசையை அழுத்த வேண்டும். அன்றேல் மருந்து நாற்புறமும் தெறிக்கும். அன்பர் பிடித்தார். முதலில் நடந்தது யாதெனில், கையால் தேய்த்துப் பழகிய அவர் தம் முழுவலிவையும் எந்திரத்தின்மேற் செலுத்தினார். எந்திரம் உறுமிற்று, வட்டோ சுழலாது நின்று நடுங்கிற்று. அழுத்தம் மிகுந்தால் இவ்வகை எந்திரத்தின் சுழற்சி நின்றுபோம். இதனைக் கண்டறிதற்கென்றே வட்டின் அடித்தட்டில் மையினால் ஒரு கோடு இடுவர். கோடு சுழல்வது தெரிந்தால் வேலை நடக்கின்றது, தெரியாவிடில் வெறும் நடுக்கம். மருகன் அவர் முழங்கையைத் தொட்டு, எந்திரத்தின் எடையே போதும், நீங்கள் வழிமட்டும் காட்டுங்கள் என்றான்.

வேகமும் அவ்வாறே. நொடிக்கு ஓரங்குல அளவில் ஊர்ந்து செல்லுதல் வேண்டும். ஒரு வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூட வேண்டும். நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை. கையால் தேய்ப்பவர்க்கு இந்நிதானம் பெருந்துன்பம். மூன்றாம் முறையில் அவர் கை அடங்கிற்று. துடைத்து விளக்கைக் காட்டியபோது, சதுரத்தினுள் சிலந்திவலை இல்லை. விளக்கின் இழை மட்டும் ஆழ்ந்த நீலத்துட் கிணற்றில் விழுந்த விண்மீன்போல் நின்றது. சதுரத்தின் வெளியே பழைய பால்நீலம். அவர் டேப்பை உரித்து, இரண்டிற்கும் இடைப்பட்ட கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கைக்கு வேறுபாடு இல்லை, கண்ணுக்கே உண்டு.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. கீறல் என்பது பரப்பின்மேல் வந்து ஒட்டியதொரு பொருளன்று. பரப்பிலுள்ளதோர் இன்மை, ஒரு பள்ளம். பள்ளத்தை எடுத்தெறிதல் இயலாது. அதனைச் சூழ்ந்த மேட்டைப் பள்ளத்தின் அடிவரையில் தாழ்த்துவதே மெருகு. ஆகவே அவ்விரண்டு மூன்று மைக்ரான் நல்ல பூச்சினை இழந்தே அவ்வொளி பெறப்பட்டது. சைவ நூலாசிரியர் ஆன்மாவிற்கும் ஆணவத்திற்கும் செம்பினையும் களிம்பினையும் உவமை கூறுதல் அன்பர்கள் அறிந்ததே. புளியிட்டு விளக்கிய செம்பில் களிம்பு மீண்டும் தோன்றுதலால் அது சகசம் என்பர். வண்டியின் கீறல் சகசமன்று, ஆகந்துகம்; இடையில் வந்தது. அங்ஙனமாயினும் வந்தேறியாகிய அதனைப் போக்கப் புகுந்தால் மேனியே குறைகின்றது. மலநீக்கத்தில் ஆன்மா தேய்வதில்லை. ஆதலால், உள்ளத்தை மெருகிடுவது வண்டியை மெருகிடுவது போலும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுவார் உவமையின் எல்லையை நோக்குவது நன்று.

இதனினும் நெருங்கிய உவமை வேறிடத்தில் உண்டு. தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் திருப்பணி நாளில், கற்றூண்களின்மேற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் போக்குதற்கு, அழுத்தக் காற்றோடு மணலைப் பீச்சும் முறை கையாளப்பட்டது. தூண்கள் வெளுத்தன, காண்போர் மகிழ்ந்தனர். ஆயின் மணல், பிசுக்கு எது கல் எது என்று அறியாது. சிற்பத்தின் நகக்கண்ணும் கல்வெட்டின் எழுத்தோரமும் உடன் மழுங்கின. கல்வெட்டறிஞர் இதனை எதிர்த்து முறையிட்டனர். 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் விருப்பப்படி யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநர் கோயில்கள் சிலவற்றை நேரிற் பார்த்து, திருப்பணி முறைகளிலுள்ள குறைகளை எடுத்துக்காட்டும் அறிக்கை அளித்தனர். வாடகை வண்டிக்குக்கூட இரண்டு சாண் சதுரத்தில் சோதனை செய்து, விளிம்புகளை டேப்பினால் மறைத்து, மெல்லியதில் தொடங்குகின்றனர். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்லுக்கு அத்துணைக் கவலையேனும் வேண்டாவோ? வண்டிக்காவது மீண்டும் வண்ணம் அடிக்கலாம்.

வேலை மூன்று நாள் நடந்தது. கதவுகளும் மேற்கூரையும் இடரின்றி முடிந்தன. பம்பரில் மட்டும் மருந்து காய்ந்து மாவாய்ப் பறந்தது. ஒரே வட்டினைத் துப்புரவு செய்யாது நெடுநேரம் பயன்படுத்தியதே காரணம். வட்டினைத் தூரிகையால் உதறி, வேறொன்று மாற்றினர்.

இறுதியில் பானெட்டின் முகப்பு நடுவே எஞ்சிற்று. அங்கே ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றுப் பெரிய செந்நிற வட்டம் ஒன்று உண்டு. அன்பரின் தாயார் வெள்ளிதோறும் கோமதியம்மை சந்நிதியிலிருந்து வந்து, சந்தனமும் குங்குமமும் குழைத்து அவ்வொரே இடத்தில் இட்டு வந்தனர். வெயிலில் அது காய்ந்து காய்ந்து பூச்சினுள் இறங்கிவிட்டது. அம்மையார் அதற்கு முந்திய ஆண்டு சிவபதம் எய்தினர். மருகன் மெல்லிய மருந்தால் ஒருமுறை ஓட்டினான். சுற்றிலும் ஒளிர்ந்தது, வட்டம் போகவில்லை. கடிய மருந்தும் கம்பளி வட்டும் இட்டால் போய்விடும் என்றான். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. எத்துணை ஆழம் இறங்கியுள்ளது, அடியில் எத்துணை எஞ்சியுள்ளது என்பன தெரியா.

அன்பர் ஒரு டேப்பைக் கிழித்து அவ்வட்டத்தின்மேல் ஒட்டினார். “இது இருக்கட்டும்” என்றார்.

இதனைத் தாயன்பு என்று மட்டும் சொல்லி விடுதல் பொருந்தாது. அளவறியாத ஆழத்தில் கைவையாமை அறிவின் செயலுமாம். அவர் மனத்தில் இவ்விரண்டனுள் எது முற்பட்டது என்று ஆராய்தல் வேண்டப்படுவதன்று. இரண்டும் ஒரே டேப்பினால் நிறைவேறின.

அதன்பின் மெழுகிட்டனர். மெழுகு கீறலைப் போக்காது. மெருகிட்ட பரப்பை நீரும் தூசியும் எளிதிற் பற்றாவண்ணம் சில திங்கள் காக்கும். இம்முறை செய்த மெருகினை அவ்வண்டியின் வாழ்நாளில் இன்னும் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை செய்யலாம், அதற்குமேல் பூச்சு தாங்காது என்று மருகன் கணக்கிட்டுச் சொன்னான். அன்பர் தோளில் இப்போதும் துணி கிடக்கின்றது. ஆனால் நீர் தெளியாமல் அது வண்டியின்மேற் படுவதில்லை. ஸ்டாண்டில் மற்றை ஓட்டுநர் விடியலில் உலர்துணியை வீசித் துடைக்கும்போது அவர் முகம் சுளிப்பதும், முதியவர் சிலரிடம் மட்டும் மெல்ல எடுத்துச் சொல்வதும் உண்டு. கேட்டவர் இருவர்; மற்றையோர் நகைத்தனர்.

தை பிறந்ததும் முதற் திருமணச் சவாரி வந்தது. பூ அலங்காரம் செய்பவர் வழக்கம்போல் செலோ டேப் சுருளோடு வந்தார். ஒட்ட வேண்டா, நூலாற் கட்டுங்கள், நேரமானால் ஆகட்டும் என்று அன்பர் நின்று வேலை வாங்கினார். முகப்பில் சரம் வைக்கும்போது அச்செந்நிற வட்டத்தின்மேல் வாராது சற்றே மேலேற்றிக் கட்டச் சொன்னார். கட்டுபவர் காரணம் கேட்கவில்லை. நூலைப் பல்லாற் கடித்து முடிச்சிட்டுவிட்டு, அடுத்த வண்டிக்குப் போனார்.